வரதராஜுலு சார் வழியில் கேட்ட கேள்வி

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் ஒரு கூட்டம். மீன்வளத் துறைக்கு இணையதளம் ஒன்று இருக்கிறதாம், அதற்கு ஆள் வருவது குறைந்துவிட்டதாம், ஓய்வு பெற்றவர்களும் வந்து யோசனை சொல்ல வேண்டுமாம். மதியம் பிரியாணி என்றார்கள். சரி, யோசனைதானே, சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

கெட்டிக்காரப் பெண் ஒருத்தி சுவரில் படம் காட்டிப் பேசினாள். "மேடம், தளத்துக்கு வர்றவங்க எங்கேர்ந்து வர்றாங்க, எந்த இடத்துல எவ்ளோ நேரம் நிக்கிறாங்க, அப்புறம் எங்கே போறாங்க, எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்கோம்" என்றாள். 'எங்கே போறாங்க' என்று அவள் சொன்னதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறி, முன்னால் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கரின் சட்டை முழுக்கத் தெறித்தது. அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இருக்கட்டும், வேலையில் இருந்தபோதும் அதிகம் பேசமாட்டார்.

"இதையெல்லாம் நாங்க கிளிஞ்சலும் மணலும் வச்சே செஞ்சோம்மா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பெண். பெயர் தேசம்மா. எங்கள் குப்பத்தில் பத்தாவது தேறிய முதல் பெண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எனக்கு முன்னால் யாரும் பரீட்சையே எழுதவில்லை, ஆகையால் போட்டி கிடையாது. எழுபதுகளின் கடைசியில் மீனவர்களுக்காக எங்கள் ஊரில் ஒரு தகவல் நிலையம் திறந்தார்கள். அதில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. தற்காலிக வேலைதான். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். கிளாத்தி மீனுக்கும் மடவை மீனுக்கும் லத்தீனில் என்ன பெயர் என்று மனப்பாடம் செய்தேன். ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது, "பாவம், நல்லாத்தானே போச்சு இந்தப் பொண்ணு" என்றார்கள். பயிற்சியைப் பற்றி அவ்வளவுதான்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரே கூடம். சுவரில் வலைகளின் படம், நண்டின் உள்ளுறுப்புப் படம், கண்ணாடிச் சீசாவில் இறால், மரத்தில் செய்த சின்னப் படகு, சூடாவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும் ரேடியோ ஒன்று. ஒரு மூலையில் குடிதண்ணீர்ப் பானை. குப்பத்திலிருந்து படகுத்துறைக்குப் போகும் வழியில்தான் கட்டடம். இருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நாள் முழுக்க நண்டை வலையிலிருந்து பிய்த்தெடுக்கிறவனுக்கு நண்டின் குடலைப் படத்தில் காட்டினால் வருவானா? எதிரே டீக்கடை வைத்திருந்த மஸ்தான் பாயின் ஆடு மட்டும் தவறாமல் வரும்.

அந்த நிலைமையில்தான் வரதராஜுலு சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். பொன்னேரியில் தங்கியிருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, மழையோ வெயிலோ குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். ஒல்லி உடம்பு, பெரிய மூக்கு, அதன்மேல் அதைவிடப் பெரிய கண்ணாடி. எதையும் உடனே சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் துடைப்பார், மாட்டுவார், "பார்க்கலாம்" என்பார். சாப்பாட்டுக்குப் போகலாமா சார் என்று கேட்டாலும் இதே சடங்குதான். கோபம் என்பதே அவருக்கு வராது. ஆட்டைக்கூட "கொஞ்சம் நகருப்பா" என்றுதான் விரட்டுவார்.

வந்த அன்றைக்கே என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"ஏம்மா தேசம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். வருகை கூடலேன்னா இந்த நிலையத்தை மூடறதா இருக்காங்க. தை மாசம் மேலிடத்துப் பெரியவர் ஜீப்ல வந்து பார்ப்பார். அவர் பார்வையிலதான் இருக்கு."

"மூடினா என் வேலை சார்?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். இந்தத் தடவை "பார்க்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டில் இன்னொரு பக்கம் நெருக்கடி. என் அப்பா கோவிந்தன், நைனா என்றுதான் கூப்பிடுவேன், முரட்டு ஆள். "வேலை இருக்குற வரிக்கும் போ. பூட்டுச்சுன்னா மறுபேச்சு கூடாது, அத்த மவன கட்டிக்கினு அக்கரைக்குப் போய் மீன் கூடை தூக்கு" என்று ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். அத்தை மகன் கெட்டவன் இல்லை. சிரிப்பான சேதி ஒன்றைச் சொல்வதற்கு முன்னாலேயே தான் சிரித்து முடித்துவிடுவான், அவ்வளவுதான் குறை. ஆனால் எனக்கு அந்த வேலை உயிர். காலையில் தலை வாரி, புடவைக்கு முந்தானைப் பின் குத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இருக்கும் மிதப்பு இருக்கிறதே, அதை விட்டுக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

சார் உடனே வேலையில் இறங்கினார். "யார் வர்றாங்க, எதைப் பார்க்கறாங்கன்னு தெரியாம எதை மாத்தறது? முதல்ல எண்ணணும்மா" என்றார். வாசலில் மூன்று பானை வைத்தோம். ஆண் வந்தால் ஒரு பானையில் கிளிஞ்சல், பெண் வந்தால் அடுத்ததில் சோழி, பிள்ளை வந்தால் மூன்றாவதில் புளியங்கொட்டை. போடுவது என் பொறுப்பு.

அடுத்தது மணல். கூடம் முழுக்கச் சலித்த மணலைப் பரப்பி, காலையில் ஒரு பலகையால் ஒரே மட்டமாக இழுத்துவிடுவேன். மதியம் சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலடிகளைப் படிப்பார். கையில் ஒரு தென்னை ஈர்க்கு. கால்விரல் சுவரைப் பார்த்து இருந்தால் படம் பார்த்திருக்கிறான். குதிகால் சுவரைப் பார்த்து இருந்தால் சாய்ந்துகொண்டு அரட்டை அடித்திருக்கிறான். ஒரு கால் அழுத்தமாகவும் மற்றது இல்லாமலும் இருந்தால் கொசு கடித்து மற்றக் காலால் சொறிந்திருக்கிறான். ஒரு நாள் வலைப்படத்துக்கு நேரே ஏகப்பட்ட தடம். சார் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியாம்மா, இவ்வளவு நேரம் அசையாம நின்னு யாரோ படிச்சிருக்காங்க!" கிட்டப் போய்ப் பார்த்தால் குளம்புத் தடம். படத்தின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. மஸ்தான் பாயின் ஆடு தின்றுவிட்டது.

என் விளக்கவுரையையும் அவர் விடவில்லை. வாசலில் ஆள் நுழைந்ததும் நான் "வணக்கம், இது இறால்" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். சார் எதிரே நின்று, வந்தவன் முகத்தையே பார்ப்பார். கொட்டாவி எந்த வரியில் வருகிறதோ அந்த வரியை வெட்டிவிடுவார். வெட்டி வெட்டி, கடைசியில் "வணக்கம்" மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஒருத்தர் கொட்டாவி விட்டார். அவர் காது கேளாதவர் என்று பிறகு தெரிந்தது.

வந்தவர்களிடம் கேட்க மேலிடத்தில் இரண்டு கேள்வி கொடுத்திருந்தார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள். உள்ளே ஆளே வராதபோது யாரைக் கேட்பது? சார் யோசித்தார். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது எதிரே வலையும் துடுப்புமாக ஆண்கள் படகுத்துறைக்குப் போவார்கள் இல்லையா? அவர்களையே கேட்க ஆரம்பித்தார். குடையைச் சற்றே உயர்த்தி, வாய் நிறையப் புன்னகையோடு, "என்னங்க, எங்கே கிளம்பிட்டீங்க?" என்பார்.

என்ன மாயமோ, அன்றைக்கே நிலையத்துக்குக் கூட்டம் வந்தது. ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக ஆண்கள் நுழைந்தார்கள். கிளிஞ்சல் போட்டுப் போட்டு எனக்குக் கை வலித்தது. அடுத்த நாளும் அப்படியே. சார் வராத ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் திறந்து வைத்திருந்தும் ஈ காக்கை இல்லை. சாருக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டபோதும் பானை காலி. சார் திரும்பி வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"நான் இருக்கிற அன்னிக்குத்தான் வர்றாங்கம்மா. அன்பா ரெண்டு வார்த்தை விசாரிச்சா ஜனங்க உயிரையே கொடுப்பாங்கன்னு எங்கப்பா சொல்வார்."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. வந்தவர்கள் எவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பானை மூலைக்குப் போவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், குந்துவார்கள், எழுந்து போய்விடுவார்கள். பேச்சு மூச்சு கிடையாது. மணலைப் பார்த்தால் வாசலிலிருந்து மூலைக்கு ஒரு மாட்டுத்தடம் மாதிரி பாதை விழுந்திருந்தது. மற்றச் சுவர்களுக்கு எதிரே நான் இழுத்த பலகைக் கோடு அப்படியே இருந்தது.

சார் முடிவெடுத்தார். "ஜனங்களுக்கு அந்த மூலைதான் பிடிச்சிருக்கு. நல்ல படத்தையெல்லாம் அங்கே மாட்டு. இந்தப் பானை இடைஞ்சலா இருக்கு, பின்பக்கம் முருங்கை மரத்தடியில வச்சிடு."

வைத்தேன். மறுநாள் வந்தவர்கள் மூலையைப் பார்த்தார்கள், சுற்றும் முற்றும் பார்த்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். எதிரே நண்டின் குடல் தொங்கியது. கடைசியில் ஒருத்தர் பின்கதவு வழியே ஓட, எல்லாரும் ஓடினார்கள். மதியம் சார் தடத்தைப் படித்தார். "அடேயப்பா, என்ன பரபரப்பு, என்ன பரபரப்பு! சுத்திச் சுத்தி வந்திருக்காங்கம்மா! ஆர்வம் கரைபுரண்டிருக்கு!" என்றார். அதற்கு அடுத்த நாள் அவர்களே பானையைத் தூக்கி வந்து மூலையில் வைத்துவிட்டு, என்னை ஒரு முறை முறைத்தார்கள்.

ஒரு நாள் காலை நைனாவே உள்ளே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற மகள் வேலை பார்க்கும் இடத்தை அதுவரை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"வா நைனா! இன்னா பாக்குறே? இறாலா, படகா?"

பேசாதே என்று கையைக் காட்டினார். மூலையில் போய் அண்ணாந்து தண்ணீர் குடித்தார், குந்தினார், எதையோ மென்று விழுங்குவது போல முகத்தை வைத்துக்கொண்டார், எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் வெடித்தார்.

"உங்க சாருக்கு வாயா அது, இல்ல வேற எதுனாவா? தோள்ல வலைய போட்டுகினு தொழிலுக்குப் போறவன பாத்து 'எங்கே கிளம்பிட்டீங்க'ன்றாரு! எவனாவது கேப்பானா அப்டி? இன்னிக்கு எனக்குப் பாட்டு நாளு!"

ஏரியில் இந்த இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை விடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். அதைத்தான் எங்கள் பக்கம் பாடு என்பது, முறை வரும் நாள் பாட்டு நாள். அந்த நாளை விட்டால் திரும்ப முறை வரக் காத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சகுனம் கெட்டால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

"அப்ப ஏன் நைனா ஆபீசுக்கு வந்தே?"

"வேற எங்க போறது? அப்டி கேட்டுட்டா அப்டியே போலாமா? எங்கனா குந்தி, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி புச்சா கிளம்பணும். வூட்டுக்குத் திரும்புனா பாதி தூரம். கிட்டக்க இருக்குற கூரை உன் ஆபீசுதான். அதான் எல்லாரும் வந்துகினு இருக்கோம். பின்ன, உன் சீசா இறால பாக்கவா வந்தோம்? தெனம் வலைல பாக்குறேன் அத!"

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பகீரென்றது. சாரிடம் சொன்னால் அந்த நல்ல மனிதர் அந்த நிமிஷமே வாயை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டால் பானையில் கிளிஞ்சல் விழாது. கிளிஞ்சல் விழாவிட்டால் நான் அக்கரையில் மீன் கூடை. கம்மென்று இருந்துவிட்டேன். பின்னே, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்களா?

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு தடவை சுற்றி வளைத்துப் பார்த்தேன். "சார், வெளிய கிளம்புறவங்கள எங்கேன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்வாங்களே?" என்றேன்.

"அது கல்யாணம், பெண் பார்க்கப் போறதுக்கும்மா. வேலைக்குப் போறவனுக்கு என்ன? எங்க ஊர்ல பஸ் கண்டக்டர் ஏர்றவனையெல்லாம் எங்கே போறேன்னுதான் கேக்கறான். எவன் இறங்கிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்றான்?"



சரி, வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வந்ததற்கு ஏதாவது உபயோகமாகக் காட்டுவோமே என்று தோன்றியது. காலையில் ரேடியோவில் காற்று மழை பற்றிச் சொல்வார்கள். அதைச் சாக்கட்டியால் வாசல் கரும்பலகையில் எழுதுவேன். யாரும் பார்க்கமாட்டார்கள். மூலையில் தண்ணீர் குடிக்கிறவர்களைக் கவனித்துப் பார்த்தேன். டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் கண் பானைக்கு மேலே, உத்திரத்துக்குக் கீழே ஓரிடத்தில் நிற்கிறது. அங்கே மாட்டினால் பார்க்காமல் தப்ப முடியாது.

சாரிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தார். சரியான உயரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று என்னைத் திரும்பத் திரும்பத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நெட்டை ஆள் எப்படிக் குடிப்பான் என்று முக்காலிமேல் நின்று தானும் குடித்துப் பார்த்தார். தண்ணீர் மூக்கில் ஏறி, கண்ணாடி பானைக்குள் விழுந்தது. மஸ்தான் பாய் வந்து கரண்டியால் எடுத்துக் கொடுத்தார்.

எழுத்து படிக்காதவர்களுக்குப் படம் வேண்டும். காற்று பலமாக இருந்தால் கவிழ்ந்த படகின் படம் என்று சார் வரைந்தார். மாட்டிய அரைநாளில் குப்பமே கொதித்துவிட்டது. தொழிலுக்குப் போகிறவன் கண்ணில் கவிழ்ந்த படகைக் காட்டுவார்களா? கேள்வி ஒரு பக்கம், படம் ஒரு பக்கமா என்று சார் இல்லாதபோது என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சார் அதை எடுத்துவிட்டு, வீட்டில் மல்லாந்து படுத்துக் குறட்டை விடும் ஆள் ஒருத்தனை வரைந்தார். போகாதே, படுத்துத் தூங்கு என்று அர்த்தம். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தொப்பை மட்டும் மஸ்தான் பாயின் தொப்பை மாதிரி இருந்தது. பாய் அதைப் பார்த்து, "நம்மள மாதிரியே கீறான், ஆனா நான் எங்க தூங்குறேன்?" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் வானம் பளிச்சென்று இருந்தது. ரேடியோ வேறு விதமாகச் சொன்னது. நான் குறட்டை ஆளை மாட்டினேன். நைனா வந்தார், அண்ணாந்தார், பார்த்தார். "வானம் கண்ணாடியாட்டம் கீது, இவன் தூங்குறான்" என்று முணுமுணுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். போனவர்கள் மதியத்துக்குள் தொப்பலாக நனைந்து, வலை கிழிந்து, துடுப்பைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். நல்லவேளை, ஒருவருக்கும் ஆபத்தில்லை. நைனா அன்றைக்கு மல்லாந்து படுத்து நிஜமாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, சார் கேட்காத நாளிலும் நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தை பிறந்தது. பெரியவர் ஜீப்பில் வந்தார். அன்றைக்குக் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். குப்பத்து ஆண்கள் மொத்தமும் வந்து கூடத்தில் நின்றார்கள். சாருக்கு வாயெல்லாம் பல். "பாருங்க சார், பாருங்க சார்" என்று பெரியவருக்கு வழி பண்ணிக்கொண்டே நடந்தார். நைனா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையைக் கட்டினால் சண்டை என்று அர்த்தம்.

"எல்லாரும் ஆர்வமா வந்திருக்கீங்க. என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்றார் பெரியவர்.

ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். "சாமி, இந்தச் சாரு தங்கமான மனுசன். கை சுத்தம். மனசு சுத்தம். வாய்தான் சரியில்ல. வேற ஊருக்கு மாத்திடுங்க" என்றார். பிறகு ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசி முழுக் கதையையும் கொட்டிவிட்டார்கள். யார் யாரிடம் எந்தெந்தக் காலையில் கேட்டார், அன்றைக்கு வலையில் என்ன விழுந்தது, என்ன விழவில்லை, எல்லாம். ஒருத்தன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனதற்கும் இவர் கேட்டதுதான் காரணம் என்றான்.

பெரியவர் சிரித்தார். ஜீப் ஓட்டிவந்தவரும் சிரித்தார். வரதராஜுலு சார் முகம் சாக்கட்டி போல வெளுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியைக் கையில் எடுத்தார், துடைக்கவில்லை. அப்படியே நின்றார். பாவம், அன்பாக விசாரித்தேன் என்று எத்தனை நாள் சந்தோஷமாக இருந்த மனிதர்.

பெரியவர் சிரித்து முடித்துவிட்டு என் தலையில் இடியைப் போட்டார்.

"அப்போ வருகையெல்லாம் இவர் வாயால வந்தது. நிலையத்தால இல்லை. இவரையும் மாத்திடறேன், இதையும் மூடிடறேன். ரெண்டு தொல்லையும் உங்களை விட்டுப் போகும். சரிதானே?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சரி என்பது போலச் சில தலைகள் ஆடின. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நைனா கட்டிய கையை அவிழ்த்தார்.

"அது எப்டி சார்? இவர மாத்துனா இன்னொருத்தர அனுப்புவீங்க. அவரு வாய்ல இன்னா வருமோ, எவன் கண்டான்? இவரு இன்னா கேப்பாருன்னு எங்களுக்குத் தெரியும். தண்ணி குடிச்சா சரியாப் பூடுது. இவரு இருக்குற வரிக்கும் நாங்க குந்த எடம் வேணும், ஆபீசு இருக்கட்டும். அந்தத் தூங்குறவன் எனக்கு ஒரு வலைய காப்பாத்திக் குடுத்தான், அவனும் இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "பானைல தண்ணி ஊத்த எம்பொண்ணும் இருக்கட்டும்" என்றார்.

"கோயிந்தண்ணன் சொல்றதும் கரீட்டுதான்" என்றது கூட்டம். மாற்றச் சொல்லி வந்தவர்கள், மாற்றாதே என்று கத்த ஆரம்பித்தார்கள். மஸ்தான் பாய் வாசலிலிருந்து, "சாரு கேட்டப்புறம் தண்ணி குடிச்சிட்டு, அப்டியே நம்ம கடைல ஒரு டீ சாப்டுறாங்க. மாத்தாதீங்க சார்" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

பெரியவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறிய பிறகு, வாசலில் வலையோடு நின்றவர்களைப் பார்த்து மரியாதைக்கு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "அப்புறம், எல்லாரும் எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அத்தனை பேரும் வரிசையாக உள்ளே திரும்பி வந்தார்கள். பானை காலியாகும் வரை தண்ணீர் ஊற்றினேன்.

கூட்டம் போன பிறகு சார் என்னிடம், "உனக்கு முன்னாலேயே தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க கேக்குறத விட்டுடுவீங்க சார். என் வேலை பூடும்."

கண்ணாடியைக் கழற்றினார். நன்றாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மறுநாளிலிருந்து காலையில் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, குடையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கேள்வியைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். கரைக்குத் திரும்புகிறவர்களை "வந்துட்டீங்களா?" என்று கேட்பார். அதற்கு எல்லாரும் பல்லைக் காட்டிப் பதில் சொன்னார்கள். வருகை கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் பாதிப் பேர், குறட்டை ஆள் இன்றைக்கு என்ன செய்கிறான் என்று பார்க்கப் பாதிப் பேர். நண்டின் குடலைக் கடைசிவரை ஒருவரும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

நிலையம் தப்பித்தது. நான் தப்பித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் வந்துபோன அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அத்தை அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கிவிட்டாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பூ, பழம். வேலை இருந்தால் என்ன, போனால் என்ன, தேதி குறித்துக்கொண்டுதான் போவேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நைனா முற்றத்தில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் வாயைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நேரம் ஆகிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

"இன்னாடி மருமவளே, காலங்காத்தால எங்க கிளம்பிட்டே?" என்றாள் அத்தை.

நைனா வலையைக் கீழே போட்டார்.

"அக்கா! அறிவு கீதா உனக்கு? தொழிலுக்குப் போற புள்ளய எங்கன்னு கேக்குறே!"

எங்கள் குப்பத்தில் பெண்களை யார் வேண்டுமானாலும் எங்கே என்று கேட்கலாம். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது வழியெல்லாம் கேட்பார்கள், அவளும் பதில் சொல்லிக்கொண்டே போவாள். அதை ஒரு தடையாக யாரும் நினைத்ததில்லை. நைனாவும் நினைத்ததில்லை. அத்தை தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தேசம், உள்ள வா" என்றார் நைனா. "குந்து."

குந்தினேன். அவரே சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து குடித்தேன். கண்ணில் தளும்பியது கன்னத்தில் இறங்காமல் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, புரையேறிவிட்டது. நைனா தலையில் தட்டினார்.

"சரி, இப்ப புச்சா கிளம்பு. ஜல்தி போ, சாரு பஸ்ஸு வந்துரும்."